வலது 12, இடது 15: ராஜ்தூத் 350-இன் ஃப்ளோட் மாற்றிய கதை

ஆடி மாதம் முழுக்க வண்டியை எடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் ஷெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. வலது கார்புரேட்டருக்கு நேர் கீழே தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. பெட்ரோல் டேப்பை மூடித்தான் வைத்திருந்தேன், ஆனால் அந்த டேப்புக்கும் வயது நாற்பது. அது சொட்டுச் சொட்டாய்க் கசிய, கசிந்ததைத் தடுத்து நிறுத்த வேண்டிய ஃப்ளோட் நிறுத்தாமல் விட்டிருக்கிறது.

வண்டி மாமாவுடையது. 1984 மாடல் ராஜ்தூத் 350, ஹை டார்க், அதாவது இழுவை கூடிய ரகம். ஜப்பானில் 1973-இல் வந்த யமஹா ஆர்டி350-ஐத்தான் எஸ்கார்ட்ஸ் கம்பெனி பத்து வருடம் கழித்து 1983-இல் இங்கே கொண்டுவந்தது. அதற்குள் யமஹா தண்ணீரில் குளிரும் எல்சி மாடலுக்கே போய்விட்டிருந்தது. முன்னால் டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் வைத்தார்கள், சக்தியை 30.5 குதிரைக்குக் குறைத்தார்கள். அப்படியும் அந்தக் காலத்து நம் ரோட்டுக்கு அது அதிகம். இரண்டு சிலிண்டர், 347 சிசி, டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். மைலேஜைப் பற்றி மாமா எங்கள் அத்தையிடம் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை.

இரண்டு சிலிண்டர் என்பதால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்ப ஆளுக்கொன்றாக இரண்டு மிகுனி கார்புரேட்டர். இந்தக் கதை முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த பஞ்சாயத்துதான்.

ஃப்ளோட் என்பது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து மாதிரி. கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்தான் பவுல், அதில் பெட்ரோல் ஏற ஏற ஃப்ளோட்டும் ஏறும். அதன் கையில் இருக்கும் சின்னத் தகடு, டேங் என்பார்கள், ஊசியைத் தள்ளி பெட்ரோல் வரும் வாயை அடைக்கும். பெட்ரோல் குறைந்தால் ஃப்ளோட் இறங்கும், வாய் திறக்கும். தொட்டியில் பந்து ஓட்டையானால் தண்ணீர் மாடியில் வழியும். இங்கே பாதி பெட்ரோல் வெளியே வழியும், மீதி இன்ஜினின் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். என் வண்டியிலும் அதுதான். வலது பிளக்கைக் கழற்றினால் நனைந்த திரி மாதிரி வந்தது.

கார்புரேட்டரைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. பெட்ரோல் டியூப், முன்னும் பின்னும் கிளாம்ப், மேல் மூடியைத் திருகினால், ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடு கேபிளோடு தனியாக வந்துவிடும். அந்த ஸ்லைடை வண்டியிலேயே தொங்கவிட்டு ஒரு துணியால் சுற்றி வைக்கவும், ஸ்லைடில் தொங்கும் ஊசி (ஃப்ளோட் ஊசி வேறு) வளைந்தால் அது தனிக் கதை. பவுலைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூக்கள்தான் ஆபத்து. பார்க்க ஸ்டார் மாதிரி இருக்கும், ஆனால் ஜப்பான் வெட்டு. நம் ஊர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரைப் போட்டு அழுத்தினால் எகிறிக்கொண்டு வந்து தலையை வழித்துவிடும். என்னிடம் இருப்பதில் இரண்டு ஸ்க்ரூ ஏற்கனவே யாரோ வழித்தவை. ஜேஐஎஸ் எனும் ஜப்பான் அளவு முனை ஒன்று தனியாக வாங்கிக்கொள்வது நல்லது.

பவுலைத் திறந்ததும் அடியில் பார்த்தது: ஒரு ஸ்பூன் தண்ணீர், அதைச் சுற்றி வெள்ளைப் பொடி, பெட்ரோலை அளந்து விடும் துளையான பித்தளை ஜெட்டில் பச்சை. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு இது தெரியாது. மாதக்கணக்கில் நிற்கிற பழைய வண்டியின் பவுலுக்குத்தான் தெரியும். நிறுத்துமுன் பவுலைக் காலி செய்யாதது என் தப்பு.

பின்னைத் தள்ளி ஃப்ளோட்டை எடுத்தேன். இரட்டை டப்பா, மெல்லிய பித்தளைத் தகடு, நடுவில் ஈயப்பற்று. காதருகே வைத்து ஆட்டினால் வலது டப்பாவுக்குள் சளக்கென்றது. அதற்குமேல் சந்தேகம் வேண்டியதில்லை, ஆனால் ஓட்டை எங்கே என்று தெரிய வேண்டுமே. கொதித்து இறக்கிய வெந்நீரில் ஃப்ளோட்டை முழுக்க அமுக்கிப் பிடித்தேன். உள்ளே இருக்கும் பெட்ரோல் சூட்டில் ஆவியாகி ஓட்டை வழியே முத்து முத்தாகக் குமிழி விடும். இதை வீட்டுக்கு வெளியே, அடுப்பை விட்டுத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். வருவது பெட்ரோல் ஆவி. பற்றின் விளிம்பில் இரண்டு இடத்தில் குமிழி வந்தது. மார்க்கரால் வட்டம் போட்டேன்.

சரி, ஈயம் வைத்து அடைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரிஜினல் ஃப்ளோட்டைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்? பழைய ரேடியோ பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார், அவர் கை சுத்தம். டப்பாவில் சொட்டுப் பெட்ரோல்கூட இல்லாமல் இரண்டு நாள் காய வைத்து, குலுக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, அப்புறம்தான் எடுத்துப்போனேன். அவர் முதல் ஓட்டையை அடைத்துவிட்டு இரண்டாவதற்கு வந்தபோதுதான் சிக்கல். டப்பா சூடானதும் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, உருகிய ஈயத்தை எரிமலை வாய் மாதிரி வெளியே துப்பியது. மூன்று தடவை துப்பியது. கடைசியில் அவர் டப்பாவின் மேலே ஊசி முனையளவு புதிதாய் ஒரு துளை போட்டார். காற்று அதன் வழியே போக, பழைய ஓட்டை அழகாக மூடியது. முழுக்க ஆறவிட்டு, கடைசியாக அந்தத் துளையை ஒரே தொடுதலில் மூடினார்.

நகை செய்யும் ஆசாரி கடையில் கொடுத்து எடை போட்டேன். 11.9 கிராம். இடது கார்புரேட்டரில் இருக்கும் நல்ல ஃப்ளோட்டை எடுத்துப்போய்ப் போட்டால் 11.2. ஈயம் மட்டும் 0.7 கிராம் கூடியிருக்கிறது. ஆசாரி தராசைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பித்தளைக்கு இவ்வளவு மரியாதையா என்ற பார்வை.

அந்தப் பற்று ஒரு வாரம்தான் தாங்கியது. அடைத்த இடத்தில் இல்லை, அதற்குப் பக்கத்தில் விரல் தள்ளிக் கசிந்தது. நாற்பது வருடத்துப் பற்று முழுவதுமே உள்ளுக்குள் அரித்திருக்க வேண்டும், ஓரிடத்தில் சூடு காட்டினால் அடுத்த இடம் திறக்கிறது. அதோடு விட்டுவிட்டேன்.

புது ஃப்ளோட் ஆன்லைனில் வந்தது. பெட்டியில் எந்தக் கம்பெனி பெயர் இருந்தது என்பது இங்கே தேவையில்லை. பார்க்க அச்சு அசல். பித்தளை, அதே இரட்டை டப்பா, அதே டேங். கூடவே புது ஊசியும், ஊசி உட்கார்ந்து மூடும் வாயான சீட்டும் வாங்கினேன். பழைய ஊசியின் கூம்பில் நகத்தால் தொட்டாலே தெரிகிற அளவுக்கு ஒரு வளையம் பதிந்திருந்தது, அந்த வளையம் இருக்கும்வரை எந்த ஃப்ளோட் போட்டாலும் முழுசாக மூடாது. ஊசியை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சீட்டை விட்டுவைப்பதும் வீண். சீட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய வாஷர் இருக்கிறது, கழற்றும்போது அது உடலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் புது வாஷரையும் போட்டால் சீட் உயர்ந்து அளவு மொத்தமும் மாறிவிடும். இரண்டுமே போடாமல் விட்டால் ஊசி ஒழுங்காக மூடினாலும் சீட்டின் வெளிப்பக்கமாகப் பெட்ரோல் வரும்.

அளவு வைக்கும் முறை இது. பவுலையும் பேக்கிங்கையும் எடுத்துவிட்டு கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். பேக்கிங் உட்காரும் தளத்திலிருந்து ஃப்ளோட்டின் உச்சி எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். நான் வைத்திருக்கும் சர்வீஸ் புத்தகத்தில் இது 15 மில்லிமீட்டர். வேறு மாடலுக்கு வேறு எண், உங்கள் வண்டியின் புத்தகத்தைப் பாருங்கள். முழுக்கத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஃப்ளோட்டின் கனம் ஊசியின் வாலில் இருக்கும் குட்டி ஸ்பிரிங்கை அமுக்கிவிடும், அளவு பொய் சொல்லும். அதனால் கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, டேங் ஊசியின் வாலைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற இடத்தில் அளக்க வேண்டும். இரண்டு டப்பாவும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் ஒன்று அரை மில்லிமீட்டர் தூக்கலாக இருந்தது.

சரிசெய்ய டேங்கைத்தான் வளைக்க வேண்டும், டப்பாவைப் பிடித்து நெம்பக் கூடாது. டேங்கின் கை குட்டையானது, டப்பாவின் கை நீளமானது. டேங்கில் தலைமுடி அளவு வளைத்தால் டப்பா ஒரு மில்லிமீட்டர் போய்விடும். நான் முதல் தடவை குறடால் ஒரு பிடி பிடித்ததில் 15 வர வேண்டியது 19-க்குப் போனது. அதன்பின் சிறிய ஸ்க்ரூடிரைவர் முனையால் தள்ளித் தள்ளி வந்தேன். முன்னும் பின்னும் பத்து முறை வளைத்தால் தகடு களைத்து ஒடியும் என்பதும் மனதில் இருக்கட்டும். கடைசியில் வெர்னியர் அளவுகோலில் சரியாக 15. பெருமையாக இருந்தது.

எல்லாவற்றையும் மாட்டி, பின்பக்க ரப்பரைக் கழற்றி இரண்டு ஸ்லைடும் ஆக்ஸிலேட்டர் திருக ஒரே நேரத்தில் எழுகின்றனவா என்று விரலை விட்டுப் பார்த்து, கேபிளைச் சரிசெய்தேன். மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. சொட்டு ஒழுகல் இல்லை. கோவையின் நீலாம்பூர் – மதுக்கரை பைபாஸில் விடிகாலை ஆறு மணிக்கு எடுத்துப்போனேன்.

ஐடிலிங் அருமை. மெதுவாகப் போனால் அருமை. ஐந்தாவது கியரில் முக்கால் ஆக்ஸிலேட்டரில் கொஞ்ச தூரம் பிடித்தபோது வலது பக்கச் சத்தத்தில் ஏதோ வறட்சி. இதை வார்த்தையில் சொல்வது கஷ்டம். டூ ஸ்ட்ரோக் ஓட்டியவர்களுக்குத் தெரியும், நிறைவாக இருக்கிற சத்தம் ஒன்று, காய்ந்துபோன சத்தம் ஒன்று. கிளட்சை அமுக்கி, அதே நொடியில் சாவியை அணைத்து ஓரம் கட்டினேன். அந்த வேகத்தில் பிளக் எப்படி எரிந்ததோ அந்த நிறம் அப்படியே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி அணைப்பது. சூடு ஆறுமுன் இரண்டு பிளக்கையும் கழற்றினேன். இடது பிளக் வறுத்த காபிக்கொட்டை நிறம். வலது வெள்ளை.

வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் போதவில்லை என்றால் சூடு ஏறும், பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்வும், ஓடுகிற வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். இருபது சதவீத எத்தனால் ஏற்கனவே கலவையைக் கொஞ்சம் வறட்சிப் பக்கம் தள்ளுகிறது. எத்தனால் எரிய அதே அளவு பெட்ரோலுக்குத் தேவையான காற்று வேண்டியதில்லை, ஜெட்டோ பழைய பெட்ரோலுக்குப் போட்டது. அதன்மேல் இது வேறு. அங்கிருந்து நாற்பதில் உருட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

முதலில் ஜெட் அடைப்பு என்று பார்த்தேன். இல்லை. ஸ்லைடு ஊசியின் கிளிப் இரண்டிலும் ஒரே பள்ளத்தில்தான். இன்டேக் ரப்பரில் காற்று இழுக்கிறதா என்று சோப்பு நுரை போட்டு, எனக்குத் தெரிந்த எல்லாம் செய்தேன். ஒன்றும் சிக்கவில்லை. வெர்னியரை மறுபடி வைத்தேன். 15. இடதிலும் 15.

மாமா காலத்திலிருந்து இந்த வண்டியைத் தொடுகிற மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். இரண்டு கார்புரேட்டரையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். நான் 15, 15 என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, “ஹைட்டு கிடக்குதுங்க தம்பி. எண்ணெய் எங்க நிக்குதுன்னு பாத்தீங்களா?” என்றார். அவருக்குப் பெட்ரோலும் எண்ணெய்தான்.

பார்க்கவில்லை. அதைப் பார்க்கும் கருவி அவரிடம் இருந்தது. எப்போதோ சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கிய உடைசல் கார்புரேட்டரின் பவுல், அடியில் துளை போட்டு ஒரு பித்தளைக் குழாயைப் பற்றவைத்து, அதில் கண்ணாடி மாதிரித் தெளிவான டியூப். நல்ல பவுலுக்குப் பதில் இதை மாட்டி, டியூபைக் கார்புரேட்டரின் பக்கவாட்டில் நிமிர்த்திப் பிடித்தால், உள்ளே பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்தில் டியூபிலும் நிற்கும். மூடிய பவுலுக்குள் ஜன்னல் வைத்தது போல. டியூப் ரொம்ப ஒல்லியாக இருக்கக் கூடாது, ஒல்லியாக இருந்தால் பெட்ரோல் தானே ஏறி நின்று ஏமாற்றும்.

கார்புரேட்டரை வைஸில் மென்மையாகப் பிடித்தோம், தாடைகளுக்கு நடுவே தோல் வைத்து. கொத்தனார் ரசமட்டத்தை மேலே வைத்து நேராக்கினோம். காலி குளுக்கோஸ் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி மேலே தொங்கவிட்டு டியூபை இணைத்தோம். முதலில் இடது. பழைய ஒரிஜினல் ஃப்ளோட், 15 மில்லிமீட்டர். பெட்ரோல் ஏறி, பவுல் மூட்டுக் கோட்டுக்கு 6 மில்லிமீட்டர் கீழே வந்து நின்றது. பாட்டிலைத் தட்டியும் பார்த்தோம், நகரவில்லை. அடுத்து வலது. புது ஃப்ளோட், அதே 15. பெட்ரோல் 9 மில்லிமீட்டர் கீழேயே நின்றுவிட்டது.

மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். ஜெட்டிலிருந்து பெட்ரோலைக் காற்று உறிஞ்சி மேலே தூக்குகிறது. தூக்க வேண்டிய உயரம் கூடினால் வருகிற அளவு குறையும். வலது சிலிண்டர் பட்டினியாக ஓடியது அதனால்தான்.

ஏன் என்பது ஆசாரி கடையில் தெரிந்தது. புது ஃப்ளோட்டின் எடை 9.6 கிராம். ஒரிஜினலைவிட 1.6 கிராம் குறைவு, தகடு மெலிசு. இதை முதல் நாளே போட்டுப் பார்த்திருக்க வேண்டும், ஓட்டையான பழையதை எடை போட்டவன் புதியதைப் போடவில்லை. எடை குறைந்த ஃப்ளோட் பெட்ரோலில் குறைவாக அமிழும், அதனால் மட்டம் ஏறுமுன்பே வாயை அடைத்துவிடும். கணக்குப் போட்டும் பார்த்தேன். பெட்ரோலின் அடர்த்தி ஒரு சிசிக்கு ஏறக்குறைய 0.74 கிராம். 1.6 கிராமுக்கு 2.2 சிசி. இரண்டு டப்பாவின் மேல்பரப்பும் சேர்த்து நான் அளந்தது சுமார் 7 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டியூபில் கண்ணால் பார்த்ததும் அதுவே. பத்தாம் வகுப்பில் ஆர்க்கிமிடிஸ் தத்துவத்துக்கு ஐந்து மதிப்பெண் விட்டவன் நான்.

புத்தகத்தில் இருக்கும் 15 என்பது அந்தக் கம்பெனி ஃப்ளோட்டின் எடைக்கும் வடிவத்துக்கும் சொன்ன எண். எடை மாறினால் எண் செல்லாது. அப்படியானால் எந்த எண்? அதற்குத்தான் இடது கார்புரேட்டர் சாட்சி. ஒற்றை சிலிண்டர் வண்டியாக இருந்திருந்தால் எனக்கு ஒப்பிட ஒன்றுமே இருந்திருக்காது. பிளக் நிறத்தை வைத்துத் தடவித் தடவித்தான் போயிருக்க வேண்டும்.

மட்டம் ஏற வேண்டும் என்றால் ஊசி தாமதமாக மூட வேண்டும், அதாவது தலைகீழாக அளக்கும்போது எண் குறைய வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் திசையைக் குழப்பிக்கொள்வார்கள். எண் குறைந்தால் பெட்ரோல் கூடும், எண் கூடினால் பெட்ரோல் குறையும். டேங்கைத் தொட்டு 13-க்குக் கொண்டுவந்தேன். டியூபில் 7. இன்னும் ஒரு தொடுதல், 12. டியூபில் 6. ஊசி இறங்கித் திறக்கும் தூரம் போதுமா என்றும் பார்த்தோம், ஃப்ளோட்டைத் தொங்கவிட்டு வாயால் ஊதினால் காற்று தாராளமாகப் போனது. பாட்டிலை ஒரு மணி நேரம் அப்படியே தொங்கவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். அதே 6.

மறுநாள் அதே பைபாஸ், அதே நேரம், அதே முக்கால் ஆக்ஸிலேட்டர். சத்தம் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. ஓரம் கட்டிப் பிளக்கைக் கழற்றினேன். இடது காபிக்கொட்டை. வலது அதைவிட ஒரு பிடி வெளுப்பு, ஆனால் வெள்ளை இல்லை. பிளக் புதிது, நூறு கிலோமீட்டர் போனால் நிறம் கூடும் என்று விட்டுவிட்டேன். கூடியது.

இடது பக்கத்துக்கும் ஒரு புது ஊசி-சீட் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் போடவில்லை. பெட்ரோல் டேப்பின் ரப்பரை மாற்றிவிட்டேன். இப்போது வண்டியை நிறுத்துமுன் டேப்பை மூடிவிட்டு, பவுலில் இருப்பது தீர்ந்து தானே அணையும்வரை ஐடிலிங்கில் ஓடவிடுகிறேன்.

இன்னொரு வேலையும் செய்தேன். நாளைக்கு யாராவது நல்ல மெக்கானிக், புத்தகம் படித்தவர், இதைத் திறந்து பார்த்து வலது பக்கம் 12 தப்பு என்று 15-க்குத் திருத்திவிடக் கூடாதே. சைடு கவருக்கு உள்பக்கம் வெள்ளை டேப் ஒட்டி, அழியாத மையில் எழுதி வைத்திருக்கிறேன்: “வலது 12, இடது 15. வேண்டுமென்றே வைத்தது. இரண்டிலும் பெட்ரோல் மட்டம் 6.”